காதுக்குள் கத்தும் சில்வண்டு: இரைச்சல், பயம், தூக்கம்

சித்திரை மாதத்து ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் போனது. மின்விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. புழுக்கம் தாங்காமல் வெளியே வந்தால், எதிர்வீட்டு அண்ணாச்சி ஏற்கெனவே வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். சங்கரன்கோவிலில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டிவிட்டு, இப்போது மகள் வீட்டோடு இருப்பவர்.

“சார், ஒங்களுக்குச் சில்வண்டுச் சத்தம் கேக்குதா?”

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. இல்லை என்றேன்.

“எனக்குக் கேக்குது. காத்தாடி நின்னாப் போதும், கெளம்பிருது. காதைப் பொத்துனா இன்னும் கூடுது. மககிட்ட சொன்னா பிரமைன்னு சொல்லுதா. ராத்திரி முழுக்க இதைக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். தலைக்குள்ள ஏதும் ஆயிருச்சோன்னு பயமா இருக்கு.”

எனக்கும் அது இருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தனக்கு மட்டும்தான் என்று ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் ஒலிபெருக்கிக்கு அடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு இரண்டு காதிலும் மெல்லிய விசில் சத்தம். முதலில் காட்டிய மருத்துவர் ஒரு நிமிஷத்தில் “இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கோங்க” என்று அனுப்பிவிட்டார். சொந்தக்காரர்கள் பித்தம் என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள், காதில் பூச்சி போயிருக்கும் என்று எண்ணெய் காய்ச்சினார்கள். ஒருவர் செவிடாகப் போவதற்கு இதுதான் அடையாளம் என்றார். அந்த எட்டு மாதம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. உண்மையில் என்ன நடக்கிறது என்று யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அதில் பாதித் துன்பம் குறைந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது எந்தச் சத்தம்?

வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் காதிலோ தலைக்குள்ளோ ஒலி கேட்பதற்கு மருத்துவத்தில் டின்னிடஸ் என்று பெயர். மணி ஒலிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் காது இரைச்சல் என்போம். ஒருவருக்கு விசில், ஒருவருக்குச் சில்வண்டு, இன்னொருவருக்கு குக்கரில் ஆவி போவது போன்ற உஸ். எல்லாம் ஒன்றுதான்.

இது பிரமை இல்லை. மனநோயில் குரல்கள் கேட்பது வேறு; அங்கே பேச்சு கேட்கும், பொருள் இருக்கும். இங்கே கேட்பது வெறும் ஓசை. உலகம் முழுவதுமான ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த கணக்குப்படி, பெரியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு இது ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. ஏறக்குறைய 2 சதவீதம் பேருக்குக் கடுமையாக இருக்கிறது. அப்படியானால் நம் தெருவிலேயே பல பேருக்கு இருக்க வேண்டும். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

1953இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் ஐந்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர், ஏதோ ஒரு சத்தம் கேட்டது என்றார்கள். ரீங்காரம், இரைச்சல், விசில் என்று நம்மைப் போன்றவர்கள் சொல்லும் அதே வார்த்தைகள்தான். அதாவது முழு அமைதி என்பதை மனிதக் காது அறிந்ததே இல்லை. ஏறக்குறைய எல்லாருக்குள்ளும் கொஞ்சம் சத்தம் இருக்கிறது. அது சிலருக்கு மட்டும் மேலே எழும்பி வந்துவிடுகிறது.

தட்டாமல் ஒலிக்கும் தூண்

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். தட்டினால் ஸ்வரம் வரும், விட்டால் ஓய்ந்துவிடும். நம் காதும் இப்படித்தான் என்று நினைக்கிறோம்: வெளியே சத்தம் தட்டுகிறது, உள்ளே கேட்கிறது.

காது அப்படி இல்லை. உட்காதில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட சிறிய உறுப்பு இருக்கிறது. அதைச் செவிச்சுருள் என்கிறோம். அதற்குள் திரவம், திரவத்தில் அலை எழும்பினால் அசையும் நுண்ணிய மயிர்கள் கொண்ட உயிரணுக்கள், சுமார் 15,000. இவை மயிரணுக்கள். ஒலியின் அசைவை இவைதான் மின்செய்தியாக மாற்றி, செவி நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, சத்தமே இல்லாதபோதும் செவி நரம்பு சும்மா இருப்பதில்லை என்பதுதான். விட்டுவிட்டுச் சின்னச் சின்னத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஆள் தட்டாமலே லேசாக முனகிக்கொண்டிருக்கும் தூண் அது. ஆரோக்கியமான மூளை அந்த முனகலை ஒதுக்கிவிடுகிறது.

மயிரணுக்கள் மனிதர்களுக்குத் திரும்ப வளர்வதில்லை. வயதாலோ தொடர்ந்த பெரிய சத்தத்தாலோ சில மருந்துகளாலோ பழுதாகிவிட்டால், போனது போனதுதான். பெரும்பாலும் முதலில் போவது, செவிச்சுருளின் வாசலை ஒட்டி உச்ச சுருதிகளைப் பிடிக்கும் அணுக்கள். அதனால்தான் பலருக்கு இரைச்சல் கீச்சென்று மேல் சுருதியில் இருக்கிறது. இழந்த இடத்தின் சுருதியில்தான் பெரும்பாலும் அது ஒலிக்கும்.

பாபநாசம் பஸ்ஸில் ரேடியோ

அணுக்கள் போனால் சத்தம் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடுகிறது? நானும் இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன்.

ரேடியோ வைத்த பஸ்ஸில் பாபநாசம் போயிருக்கிறீர்களா? மலை நெருங்க நெருங்க நிலையம் மங்கும். டிரைவர் சத்தத்தைக் கூட்டுவார். பாட்டு தெளியாது, ஆனால் கொர்ரென்ற இரைச்சல் மட்டும் பஸ் முழுக்க நிறையும். அந்த இரைச்சல் புதிதாக வந்தது இல்லை. நிலையம் நன்றாக எடுத்தபோதும் அடியில் இருந்தது. வரும் செய்தி குறைந்ததால் குமிழைத் திருகினோம், இரைச்சலும் சேர்ந்து பெருகியது.

மூளையும் இதைத்தான் செய்கிறது. காதிலிருந்து சில சுருதிகளில் செய்தி குறைந்தால், அந்த இடத்தில் தன் குமிழைத் திருகுகிறது. அப்போது நரம்பின் சாதாரண முனகலே விசிலாகக் கேட்கத் தொடங்குகிறது. இதற்கு நல்ல சான்று ஒன்று: 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காது நன்றாகக் கேட்கும் 18 பேருக்கு ஒரு காதை மட்டும் அடைப்பான் வைத்து ஏழு நாள் மூடினார்கள். அவர்களில் 14 பேருக்கு இல்லாத சத்தம் கேட்டது. அடைப்பானை எடுத்த பிறகு பெரும்பாலோருக்கு அது மறைந்துவிட்டது. வேறு நோய்க்காகச் செவி நரம்பையே அறுக்க நேர்ந்தவர்களில் சிலருக்கு அதற்குப் பிறகும் இரைச்சல் தொடர்ந்திருக்கிறது. கை போனவருக்கு இல்லாத விரல் வலிப்பது போலத்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தொடக்கம் பெரும்பாலும் காதில், ஆனால் சத்தத்தை உண்டாக்குவது மூளை. மூளை கெட்டுப்போனதால் வருவதும் இல்லை. குறைந்ததை ஈடுகட்ட அது எடுக்கும் முயற்சியால் வருகிறது. இரைச்சல் வந்துவிட்டதால் செவிடாகிவிடுவோம் என்றும் இல்லை. கொஞ்சம் கேள்திறன் ஏற்கெனவே குறைந்திருக்கலாம். மேற்கொண்டு குறைக்கும் வேலையை இரைச்சல் செய்வதில்லை.

பரண்மேல் காவல் இருப்பவர்

இரைச்சல் ஒரே அளவில் உள்ள இரண்டு பேரில் ஒருவர் நிம்மதியாக வேலை பார்க்கிறார், இன்னொருவர் நொறுங்கிப்போகிறார். என்ன வித்தியாசம்? சத்தத்தின் அளவு என்று நினைப்போம். அளந்து பார்த்தால் அப்படி வருவதில்லை. நோயாளிக்கு வெளியிலிருந்து ஓர் ஒலியைக் கொடுத்து, இது உங்கள் இரைச்சல் அளவுக்கு இருக்கிறதா என்று ஒப்பிட்டால், பெரும்பாலும் அது அவரால் கேட்க முடிந்த மிகச் சன்னமான ஒலியைவிட 20 டெசிபலுக்குள்தான் கூடுதலாக இருக்கும். டெசிபல் என்பது ஒலியின் வலிமையை அளக்கும் அலகு. காது நன்றாகக் கேட்பவருக்குக் கிசுகிசுப்பே சுமார் 30 டெசிபல். இவ்வளவு சன்னமான சத்தம் ஒரு மனிதனை இப்படி ஆட்டிவைக்கிறது என்றால், காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டக்காரர்களைக் கேளுங்கள். பகலில் வாழைச்சருகு சரசரப்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. காட்டுப்பன்றிக்காக ராத்திரி பரணில் காவல் இருக்கும்போது, அதே சருகு அசைந்தால் நெஞ்சு திக்கென்கிறது. ஒவ்வொரு சரசரப்பும் பன்றிதான். சருகின் சத்தம் கூடவில்லை. கேட்கிறவர் ஆபத்தை எதிர்பார்த்திருக்கிறார்.

மூளைக்குள்ளும் அப்படி ஒரு காவல்காரர் உண்டு. பாதாம்பருப்பு அளவிலான அந்தப் பகுதியை அமிக்டலா என்பார்கள். இது ஆபத்தா இல்லையா என்று தரம் பிரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. முதல் நாள் இரைச்சல் கேட்டதும் நாம் பதறினோம் இல்லையா? தலையில் கட்டியோ, செவிடாகிவிடுவோமோ என்று? அந்தப் பதற்றத்தைப் பார்த்து அது இரைச்சலின் மேல் ‘ஆபத்து’ என்று முத்திரை குத்துகிறது. உடனே இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசை இறுகுகிறது, கவனம் முழுவதும் அந்த ஒலியின் பக்கம் திரும்புகிறது. கவனம் திரும்பினால் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. பெரிதாகக் கேட்டால் பயம் கூடுகிறது. செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த விளக்கத்தை 1990இல் முன்வைத்தவர் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர். அதற்குப் பிறகு விவரங்களில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஆனால் துன்பத்தை உண்டாக்குவது சத்தத்தைவிட அதற்கு நாம் காட்டும் எதிர்வினை என்ற அடிப்படை நிற்கிறது. எனக்கு இது தெரிந்த அன்றுதான் முதல் முறையாக மூச்சு விட்டேன். சத்தத்தை நிறுத்த என்னால் முடியாது. முத்திரையை அழிக்க முடியும்.

ரயில் பாதை ஓரத்து வீடு

சிந்துபூந்துறையில் என் சித்தி வீடு ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. விருந்துக்குப் போனால் முதல் ராத்திரி எனக்கு மூன்று முறை விழிப்பு வரும். காலையில் “என்ன சித்தி, இப்படி ரயில் போகுது?” என்றால், “ரயிலா? எப்பப் போச்சு?” என்பார். காது அவருக்கு நன்றாகத்தான் கேட்கிறது. மருமகள் அடுப்படியில் தட்டை வைத்தால் கேட்கிறது. பொருளற்றது, ஆபத்தில்லாதது என்று மூளை முடிவு செய்துவிட்ட ஒலி உணர்வுக்கு வருவதில்லை. இதற்குப் பழக்கமாதல் என்று பெயர்.

“பழகிக்கோங்க” என்ற சொல்லில் இருந்த உண்மை இதுதான். ஆனால் எப்படி என்று சொல்லாமல் அதை மட்டும் சொல்லி அனுப்புவது, நீச்சல் தெரியாதவனை ஆற்றில் இறக்கிவிட்டுப் பழகிக்கோ என்பது போல. கேட்டவர் அதைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்கிறார். பழக்கமாதல் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதே இல்லை. பொறுத்துக்கொள்வது என்றாலே கவனம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. மறந்திருக்கும் நேரத்தை நம்மால் பார்க்க முடியாது. தங்கை மகள் கல்யாணத்தில் காலை முதல் ஓடியாடிவிட்டு, பந்தியில் பாயசம் வரும்போது திடீரென்று விசில் ஞாபகத்துக்கு வந்தது. உடனே மனசு சொன்னது: “பார், போகவே இல்லை.” ஆறு மணி நேரம் அது என் உலகத்தில் இல்லாமல் இருந்ததை மனசு கணக்கில் எடுக்கவே இல்லை. நினைக்கும்போது மட்டும்தான் சோதிக்கிறோம், சோதிக்கும்போதெல்லாம் அது இருக்கிறது. அதனால் குணமாகிக்கொண்டிருப்பவருக்கும் குணமாகவில்லை என்றே தோன்றும். அண்ணாச்சியிடம் நான் முதலில் கேட்டுக்கொண்டது, காதைப் பொத்திச் சோதிப்பதை நிறுத்துங்கள் என்பதுதான். பொத்தினால் வெளிச்சத்தம் குறையும், உள்சத்தம் கூடியது போலத் தெரியும். அவர் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தச் சோதனையைச் செய்து, இருபது தடவை பயந்துகொண்டிருந்தார்.

முதலில் காதைக் காட்டுங்கள்

பழக்குவதற்கு முன்னால் பரிசோதனை அவசியம். சில சமயம் காதுக்குள் அழுக்கு கட்டியாக அடைத்திருப்பதே காரணமாக இருக்கும்; எடுத்தால் முடிந்தது. அதற்காகக் காய்ச்சிய எண்ணெய் விடுவதும் ஊக்கு, பட்ஸ், கோழி இறகு போடுவதும் வேண்டாம். செவிப்பறை கிழிந்தவர்களுக்கு எண்ணெய் பெரிய கேட்டைக் கொண்டுவரும்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்த்த பிறகு ஆடியோகிராம் எடுக்கச் சொல்வார். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம் அது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான பிரிவு இருக்கிறது. சாப்பிடும் மாத்திரைகளையும் போட்ட ஊசிகளையும் அவரிடம் சொல்லுங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை ஊசிகள், குயினைன், சில புற்றுநோய் மருந்துகள் எல்லாம் காதைப் பாதிக்கக்கூடியவை. பயந்து நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஒரு காது திடீரென்று, ஒன்றிரண்டு நாளில் கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நாடி துடிப்போடு சேர்ந்து தும் தும் என்று கேட்டாலும், ஒரு காதில் மட்டும் விடாமல் கேட்டாலும், தலைசுற்றலோ முகம் ஒரு பக்கம் கோணுவதோ சேர்ந்தாலும், தலையில் அடிபட்ட பின் தொடங்கியிருந்தாலும் உடனே போக வேண்டும்.

இரைச்சலை நிறுத்துவதற்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ என்ற மூலிகைச் சாறு, துத்தநாகம், மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் எதையும் இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. லாட்ஜில் தங்கி நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் கொடுப்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். மருந்து இல்லை என்பதற்கு வழி இல்லை என்று அர்த்தம் கிடையாது.

அமைதியைத் தேடிப் போகாதீர்கள்

இரைச்சல் வந்ததும் பலரும் செய்வது, கதவைச் சாத்திக்கொண்டு அமைதியான அறையில் படுப்பது. அது நேர் எதிரான வழி. இருட்டறையில் ஒரு மெழுகுவத்தி கண்ணைக் கூசும். வெயிலில் அதே மெழுகுவத்தி எரிவதே தெரியாது. பின்னணியில் மெல்லிய ஒலி ஒன்று இருக்க வேண்டும். பேன் சத்தம் போதும். சுவரைப் பார்த்துத் திருப்பிய டேபிள் பேன் இன்னும் நல்லது. கரண்ட் போனால்? அண்ணாச்சியின் செல்போனில் மழைச் சத்தமும் அருவிச் சத்தமும் இறக்கிக் கொடுத்தேன். சாரல் காலத்தில் குற்றாலத்தில் தங்கினால் நமக்கெல்லாம் எவ்வளவு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது! அங்கே எந்நேரமும் ஒரே சீராக ஒரு இரைச்சல் இருக்கிறது, ஆனால் அதை நாம் பகையாக நினைப்பதில்லை.

அந்த ஒலியை இரைச்சலை முழுதாக மூடும் அளவுக்கு வைக்க வேண்டாம். கொஞ்சம் குறைவாக, இரண்டும் கலந்து கேட்கும்படி வைப்பது நல்லது. முழுதாக மறைத்துவிட்டால் மூளைக்குப் பழக வாய்ப்பே கிடைக்காது.

கேள்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியே இரண்டு வேலை செய்யும். குறைந்த செய்தி மறுபடி மூளைக்குப் போகிறது, திருகிய குமிழ் கொஞ்சம் தளர்கிறது. ‘கருவி வைத்தால் கிழவன் என்பார்கள்’ என்று தள்ளிப்போடுவது நம் ஊரில் நிறைய. கண்ணாடி போடுவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லையே.

பெரிய சத்தத்திலிருந்து காதைக் காப்பதும் இதோடு சேர்ந்தது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தறிக்கூடம், கொடையில் கூம்பு ஒலிபெருக்கி, வேட்டு, இங்கெல்லாம் அடைப்பான் வேண்டும். வீட்டிலும் கடைத்தெருவிலும் அதை மாட்டிக்கொண்டு திரியக் கூடாது. ஏழு நாள் காதை மூடிய அந்த 18 பேரில் 14 பேருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

தூக்கம்: குளமும் மடையும்

இரைச்சலால் தூக்கம் போகிறது என்பது தொடக்கத்தில் உண்மை. ஆனால் சில வாரம் போனதும் தூக்கமின்மை தனக்கென்று வேர் விட்டுவிடும். அப்போது இரைச்சலே நின்றாலும் தூக்கம் தானாகத் திரும்பாது. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆறுதலான சேதி, இரைச்சலைவிடத் தூக்கத்தைச் சரிசெய்வது எளிது.

மானூர் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் வழியாக நாள் முழுக்கத் தண்ணீர் வந்து சேர்கிறது. குளம் நிறைந்தபின் மடையைத் திறந்தால் வயல் பாயும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது போதிய அளவு சேர்ந்தால்தான் தூக்கம் அழுத்தும். மத்தியானம் இரண்டு மணி நேரம் படுப்பதும், நேற்றுத் தூங்கவில்லையே என்று எட்டரைக்கே படுப்பதும், காலையில் ஒன்பது வரை கிடப்பதும் பாதிக் குளத்தில் மடையைத் திறப்பதுதான். காப்பி அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்ளும். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் கிட்டத்தட்டப் பாதி உடம்பில் இருக்கும். சாயங்கால வடையோடு டீ வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்காவது மத்தியானத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம் பாய். படுத்துக்கொண்டே மூன்று மணி நேரம் விழித்துக் கிடந்தால், பாய் என்றாலே விழிப்பு என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. ஊஞ்சலில் கண்ணயர்பவர் பாயில் படுத்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான். இந்தப் பிணைப்பை அவிழ்க்கும் முறையை 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் எழுதினார். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் படுக்க வேண்டும். கால் மணி, இருபது நிமிஷம் போலத் தோன்றியும் வரவில்லையா? எழுந்துவிட வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான வேலை ஏதாவது செய்து, கண் சொருகினால் திரும்ப வர வேண்டும். எத்தனை தடவை ஆனாலும் இதேதான். காலையில் எழும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. கட்டில் வீடுகளைவிட நமக்கு இது வசதி. பாயைச் சுருட்டி வைத்துவிடலாம். அண்ணாச்சி ஒரு பத்தமடைக் கோரைப்பாயைத் தூக்கத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார். டிவி பார்ப்பது, கவலைப்படுவது எல்லாம் நாற்காலியில்.

படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது இன்னும் வலுவான முறை. எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்துவிடுவது. முதல் வாரம் கஷ்டம். தூக்கம் கட்டியாக வரத் தொடங்கியதும் வாரம் கால் மணி நேரமாகக் கூட்டலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. வண்டி ஓட்டுபவர்கள், இயந்திரத்தில் வேலை பார்ப்பவர்கள், வலிப்பு நோயோ இருதுருவ மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

அப்புறம், சுவர்க்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். “இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கு” என்ற கணக்கைப் போல விழிப்பைத் தருவது வேறில்லை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்குவது பழக்கமாகிவிடும். அது சீக்கிரம் விடாது. இரண்டு ரவுண்டு போட்டால் தூக்கம் வருகிறதே என்பவர்களுக்கு, பின்ராத்திரி மூன்று மணிக்கு வரும் விழிப்பும் அந்த ரவுண்டால்தான்.

குளம் நிறைய வேண்டும், பாய்க்கும் விழிப்புக்கும் உள்ள தொடர்பு அறுபட வேண்டும். தூக்கத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டுதான்.

பயத்தைத் தாளில் எழுதுவது

முத்திரையை அழிப்பதற்கு இன்றைக்குச் சான்று அதிகம் உள்ள வழி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பயமுறுத்தும் எண்ணத்தைப் பிடித்து, அது உண்மையா என்று சோதித்து, அதனால் நாம் செய்யும் செயலை மாற்றும் பேச்சுச் சிகிச்சை அது. 2020இல் 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரைச்சல் வாழ்க்கையில் உண்டாக்கும் பாதிப்பை இது குறைக்கக்கூடும் என்று தெரிந்தது. சத்தத்தின் அளவைக் குறைப்பதாகத் தெரியவில்லை. அதைக் குறைக்காமலே துன்பத்தைக் குறைக்க முடிகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அண்ணாச்சியை ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதச் சொன்னேன். சாயங்காலம் ஆறரைக்கு, இருபது நிமிஷம் மட்டும். முதல் நாள் அவர் எழுதியது: “இது நிக்காது. எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்.” கீழே ஒரு கேள்வி எழுதினேன்: ஒன்றரை வருஷமாக இருக்கிறதே, பிடித்ததா? ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “இல்ல. ஆனா பேரனை அடிச்சிருக்கேன்” என்று எழுதினார். தூக்கமில்லாத எரிச்சலில் செய்தது. அந்த ஒரு வரி அவரை எங்கே கவனிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது. கவலைகள் பாய்க்கு வந்தால், “நாளைக்கு ஆறரைக்கு வா” என்று சொல்லி அனுப்பலாம். கேட்பதற்குச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். எனக்கு வேலை செய்தது.

நெஞ்சு படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறோ ஏழோ எண்ணி விடுங்கள். உடம்பு தளர்ந்தால் காவல்காரருக்கு அது ஒரு சேதி.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவருக்குக் கேட்பது உங்களுக்குக் கேட்காது, அதனால் பொய்யாகிவிடாது. “இன்னும் கேக்குதா?” என்று தினமும் விசாரிக்கவும் வேண்டாம், அது மறந்திருந்தவரை நினைக்க வைக்கும். நம்புகிறேன் என்று ஒரு தடவை சொல்லுங்கள். வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.

வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி இலவசமாக, எந்நேரமும், தமிழிலும் கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பதற்றமும் மனச்சோர்வும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை, அவை குறைந்தால் இரைச்சலின் பிடியும் தளரும்.

கூடுகிற நாட்கள்

பழக மாதக்கணக்கில் ஆகும். நேர்கோட்டில் குறையாது. சளி பிடித்தால், தூக்கம் கெட்டால், வீட்டில் ஒரு சண்டை வந்தால் இரைச்சல் கூடும். அந்த நாளில் எல்லாம் வீணாகிவிட்டது என்று தோன்றும். பின்னணி ஒலியைப் போடுங்கள், அன்றைய வேலையைச் செய்யுங்கள், படுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். காதும் சேர்ந்து மந்தமாகத் தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே பரிசோதனைக்குப் போங்கள்.

இந்த வருஷக் கொடைக்கு அண்ணாச்சியும் நானும் சேர்ந்து போனோம். ஒலிபெருக்கிக்கு எதிர்த்திசையில், வேப்பமரத்தடியில் துண்டை விரித்தோம். நையாண்டி மேளம் தொடங்கியதும் அவர் சட்டைப்பையிலிருந்து அடைப்பானை எடுத்து மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒரு ஜோடி நீட்டினார். வில்லுப்பாட்டு தொடங்கியபோது இரண்டு பேரும் கழற்றிவிட்டோம். அங்கிருந்தே வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.